குருதிக் குழாய்க்கு ஓர் உட்தோல்

சென்ற மாதம் வாசகர் ஒருவர் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய தந்தையாருக்கு எழுபது வயதுக்கு மேலாகிறது. இருதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகளில் மூன்று அடைபட்டுவிட்டன என்றும், காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து இருதயத்தில் வைத்துத் தைக்கப் போகிறோம் என்றும் வைத்தியர் கூறியிருக்கிறார். அதனை மொழிபெயர்த்துச் சொன்னவள் பதினான்கு வயதுப் பேத்தி. "ஏன் பிள்ளை, இந்தப் பெரிய நாட்டிலை ஒரு பிளாஸ்ரிக் குழாய் இல்லையோ? வயதுபோன நேரத்திலை என்ரை காலை ஏன் வெட்டவேணும்?" என்று பெரியவர் கேட்டாராம். பேத்தி அதை ஆங்கிலத்தில் கேட்க, வைத்தியர் ஒரே சொல்லில் மறுமொழி கூறினார்: எந்தோதீலியம். அந்தச் சொல்லுக்குப் பிள்ளையிடம் தமிழ் இல்லை. பெரியவர் காரணம் விளங்காமலே கையொப்பம் வைத்தார்.

அச்சொல்லுக்கு எமது பாடநூல்களில் தமிழ் உண்டு. அகவணி என்பது அது. நான் வரலாறும் தமிழும் படிப்பித்தவன். உயிரியல் என் பாடமன்று. ஆயினும் எமது பாடசாலையில் வகுப்புகளுக்கு இடையே சுவரில்லை, பலகைத் தட்டிதான் இருந்தது. பக்கத்து வகுப்பில் உயிரியல் ஆசிரியர் உரத்துச் சொல்லும் கலைச்சொற்கள் யாவும் என் காதிலும் விழுந்தன. பெரியவரின் கேள்வி சிறுபிள்ளைத்தனமானதன்று. உலகின் மிகச் சிறந்த சத்திரசிகிச்சை நிபுணர்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அதே கேள்வியுடன்தான் போராடி வருகிறார்கள்.

குருதிக் குழாயை நாம் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இறப்பர்க் குழாய் போலக் கற்பனை செய்துகொள்கிறோம். உள்ளே திரவம் ஓடுகிறது, சுவர் அதைத் தாங்குகிறது, அவ்வளவே என்று எண்ணுகிறோம். ஆனால் குருதி நீரைப் போன்றதன்று. தன் குழாயை விட்டு வேறெதைத் தொட்டாலும் அது உறைய முற்படும். விரலில் கத்தி பட்டால் சில நிமிடங்களில் குருதி கட்டிப்படுவது இந்தக் குணத்தினாலேயே. அப்படியாயின் உடலுக்குள் அது ஏன் உறையாமல் ஓடுகிறது? ஓடும் வழி எங்கும் ஒரேயொரு கலத்தின் தடிப்புடைய மெல்லிய விரிப்பு ஒன்று உட்புறத்தை மூடியிருக்கிறது. தட்டையான கலங்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றையொன்று அணைந்து, குருதி பாயும் திசையிலேயே நீண்டு கிடக்கின்றன. இதுவே அகவணி.

நெடுங்காலமாக இதை வெறும் உட்பூச்சு என்றே கருதியிருந்தார்கள். 1980இல் நியூயோர்க், புரூக்ளினைச் சேர்ந்த றொபேட் ஃபேர்ச்கொட் என்பவர் முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்து ஆய்ந்தபோது, உட்பூச்சு உரசுப்பட்டு நீங்கிய துண்டுகள் தளரவேண்டிய மருந்துக்குத் தளர மறுப்பதைக் கண்டு எழுதினார். குழாய் சுருங்குவதா விரிவதா என்பதை அந்த மெல்லிய விரிப்பு தீர்மானிக்கிறது என்பது அதனால் வெளிப்பட்டது. அது சுரக்கும் பொருள் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயு எனப் பின்னர் அறியப்பட்டு, 1998இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வாயுவும் அகவணி சுரக்கும் வேறு சில பொருள்களும் குருதிச் சிறுதட்டுகளை ஒட்டவிடாது தள்ளி வைக்கின்றன. பிளாஸ்ரிக் குழாயால் இது முடியாது. அது எவ்வளவு வழுவழுப்பாயிருந்தாலும் அதற்குச் சுரக்கத் தெரியாது.

செயற்கைக் குழாயின் வரலாறே இந்த விரிப்பைத் தற்செயலாகக் கண்டதிலிருந்துதான் தொடங்குகிறது. 1947 அளவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயிற்சியிலிருந்த ஆதர் வூர்ஹீஸ் என்ற இளம் வைத்தியர், நாயொன்றின் இருதயத்துள் தவறுதலாக விடுபட்ட பட்டு நூல் ஒன்றைச் சில மாதங்கள் கழித்துப் பார்த்தார். நூலின்மேல் மினுமினுப்பான படலம் படர்ந்திருந்தது. ஒரு நூலில் படருமாயின் துணியிலும் படரலாமே என அவர் நினைத்தார். பட்டுக் கைக்குட்டையைக் குழாயாகத் தைத்துப் பார்த்தார். பின்னர் பரசூட்டுக்குப் பயன்பட்ட வின்யொன் என்னும் செயற்கைத் துணிக்கு மாறினார். 1952இல் அவரும் சகாக்களும் அதன் பேறுகளை வெளியிட்டனர்.

அடுத்தவர் ஹியூஸ்ரன் நகரின் மைக்கேல் டிபேக்கி. லெபனானிலிருந்து குடிபெயர்ந்தோரின் மகன். தையலைத் தாயாரிடம் கற்றவர். நைலோன் துணி வாங்கக் கடைக்குப் போனவரிடம் அது முடிந்துவிட்டது என்று கூறி, டக்றோன் என்ற புதிய பொலியெஸ்ரர் துணியைக் கொடுத்தார்களாம். அதை வீட்டிலே மனைவியின் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்தார். 1950களில் தொடங்கிய அந்தத் துணிக் குழாய் இன்றளவும் பெருநாடியில் வைக்கப்படுகிறது. டிபேக்கியின் சொந்தப் பெருநாடியே பிளவுண்டபோது, 2006இல், 97ஆவது வயதில், அவருக்கும் டக்றோன் குழாயே வைக்கப்பட்டது. அதன்பின் ஈராண்டுக்கு மேல் வாழ்ந்தார்.

எனவே செயற்கைக் குழாய் உண்டு. ஆனால் அது பெரிய குழாய்களுக்கே பொருந்துகிறது. பெருநாடியின் விட்டம் இரண்டு சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும். குருதி அதில் வேகமாகப் பாய்கிறது. துணியின் உட்புறத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் உறைவு படிந்தாலும் வழி திறந்தே இருக்கும். இருதயத்தின் சொந்த நாடிகளோ 2 முதல் 4 மில்லிமீற்றர் விட்டமுடையவை. அங்கே அதே ஒரு மில்லிமீற்றர் படிவு வழியையே மூடிவிடும். ஏறத்தாழ 6 மில்லிமீற்றருக்குக் கீழே துணியும் ரெப்லோனும் நெடுநாள் நின்றுபிடிப்பதில்லை. பெரியவரின் காலை வெட்டியதற்குக் காரணம் இதுவே. அவருடைய கால் நாளம் உள்ளே அகவணியுடன் வருகிறது. அதுவும் நிரந்தரமன்று, பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய அரைவாசி அடைபடுகின்றன. நெஞ்சின் உட்புறத்திலிருந்து எடுக்கும் நாடி இதைவிட மேல். பத்தில் ஒன்பதுக்குக் குறையாமல் திறந்திருக்கும். சத்திரசிகிச்சை நிபுணர்கள் முதலில் அந்த நெஞ்சு நாடியையே தேடுவது அதனால்தான்.

நாய்க்குப் படர்ந்த படலம் மனிதனுக்கு ஏன் படரவில்லை? இது நெடுநாள் பலரை ஏமாற்றிய விடயம். நாய், பன்றி முதலியவற்றில் செயற்கைக் குழாயின் உட்புறம் சில வாரங்களில் கணிசமாக மூடப்படும். மனிதரில் தைத்த விளிம்பிலிருந்து ஒன்று அல்லது இரண்டு சென்ரிமீற்றர் வரை அகவணிக் கலங்கள் ஊர்ந்து வந்து நின்றுவிடுகின்றன. இடைப்பட்ட நீளம் ஆண்டுக்கணக்காக வெறுமையாகவே கிடக்கும்.

வெறுமை என்ற சொல்லைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். இதை விளக்க ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். எம்மவர் அறிந்திருக்கத்தக்க மனிதர். லியோ வுரோமன் 1915இல் ஒல்லாந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1940 மே மாதம் ஜேர்மன் படைகள் புகுந்தபோது பாய்க்கப்பல் ஒன்றில் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பினார். நிச்சயிக்கப்பட்ட பெண் ஒல்லாந்திலேயே நின்றுவிட்டார். வுரோமன் அன்று ஒல்லாந்தரின் ஆட்சியிலிருந்த, இன்றைய இந்தோனேசியத் தீவுகளுக்குச் சென்று விட்ட படிப்பை முடித்தார். அங்கே ஜப்பானியர் வந்தனர். போர்க் கைதியாகி ஜப்பான் வரை கொண்டுசெல்லப்பட்டார். போர் முடிந்தபின் அமெரிக்கா சேர்ந்தார். 1947இல், ஏழு ஆண்டுப் பிரிவின் பின், அந்தப் பெண் நியூயோர்க் வந்திறங்க இருவரும் மணமுடித்தனர். அவர் தாய்மொழியில் கவிதை எழுதுவதை நிறுத்தவில்லை. 1964இல் ஒல்லாந்தின் உயர்ந்த இலக்கியப் பரிசான ஹூஃப்ற் பரிசையும் பெற்றார். பகலில் புரூக்ளின் நகரின் முன்னாள் படைவீரர் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் குருதியை ஆராய்ந்தார். 2014இல், 98ஆவது வயதில் காலமானார்.

அவர் கண்டறிந்தது இதுதான். கண்ணாடியோ பிளாஸ்ரிக்கோ, எந்த அந்நியப் பொருளும் குருதியில் பட்ட சில விநாடிகளுக்குள் அதன்மீது குருதியிலுள்ள புரதங்கள் படிந்துவிடுகின்றன. ஆனால் முதலில் வந்தவை அங்கேயே இருந்துவிடுவதில்லை. எண்ணிக்கையில் மிகுந்த, விரைந்து அசையும் அல்புமின் போன்றவை முதலில் வந்து இடம்பிடிக்கும். பின்னர் பைபிரினோஜின் வந்து அவற்றை நீக்கும். அதையும் நீக்கிக்கொண்டு இன்னும் இறுகப் பற்றும் புரதங்கள் வரும். கண்ணாடியில் ஒட்டியிருந்த பைபிரினோஜின் ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடியாதபடி மறைவதை அவர் கண்டார். விஞ்ஞானிகள் இதனை இன்று வுரோமன் விளைவு என அழைக்கிறார்கள்.

இதன் பொருள் பெரிது. உயிர்க்கலம் ஒன்று செயற்கைக் குழாயின்மீது வந்து இறங்கும்போது அது துணியைத் தொடுவதில்லை; துணிமேல் படிந்த புரதத்தையே தொடுகிறது. எனவே குழாய் எதனால் ஆனது என்பதைவிட, அது எந்தப் புரதத்தை எந்த நிலையில் தன்மேல் படியவிடுகிறது என்பதே முக்கியம். பைபிரினோஜின் மடிப்பு அவிழ்ந்து கிடந்தால் சிறுதட்டுகள் அதைப் பற்றிக்கொள்ளும், உறைவு தொடங்கும். பைபுரோநெக்ரின் என்ற புரதம் தக்கபடி கிடந்தால் அகவணிக் கலங்கள் கால் ஊன்றும்.

கலம் புரதத்தில் எதைப் பற்றுகிறது? புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. தமிழாசிரியனுக்கு வசதியாகச் சொல்வதாயின், எழுத்துகள் கோத்த நீண்ட வாக்கியம். 1984இல் மைக்கேல் பியேஷ்பாக்கர், எர்க்கி ரூஸ்லாத்தி ஆகிய இருவர், அந்த நெடிய வாக்கியத்தில் கலம் தேடுவது ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ற்றிக் அமிலம் என்ற மூன்றெழுத்தைத்தான் எனக் காட்டினர். அந்த மூன்றெழுத்துத் துணுக்கைப் பிளாஸ்ரிக்கின்மேல் ஒட்டிவிட்டால் கலங்கள் வந்து ஒட்டும். கேட்டவர்கள் துள்ளியிருப்பார்கள். சிக்கல் என்னவெனில், சிறுதட்டுகளும் அதே மூன்றெழுத்தையே படிக்கின்றன! அழையாத விருந்தாளிக்கும் அதே திறப்பு. 1991இல் ஜெஃப்ரி ஹபெலும் சகாக்களும் வேறொரு நான்கெழுத்தைக் கண்டனர்: ஆர்ஜினின், குளுற்றாமிக் அமிலம், அஸ்பார்ற்றிக் அமிலம், வலின். இதனை அகவணிக் கலங்கள் பற்றின, சிறுதட்டுகள் பற்றவில்லை. மிக அழகான கண்டுபிடிப்பு. ஆயினும் ஆய்வுகூடத் தட்டிலுள்ள ஒழுங்கு உடலுக்குள் இராது. உண்மையான குருதி ஓடத் தொடங்கியதும், நாம் எழுதி வைத்த எழுத்தின்மேல் வுரோமன் கண்ட அந்தப் புரதக் கூட்டம் வந்து படிந்துவிடுகிறது.

இன்னுமொன்று. கலம் ஒட்டினால் மட்டும் போதாது, அமைதியாக இருக்கவேண்டும். குருதி ஒரே சீராகப் பாயும் இடத்தில் அகவணி அமைதியாக இருக்கும். குழாய் கிளைக்கும் இடங்களில், சுழிப்பும் தடுமாற்றமும் உள்ள இடங்களில், அதே கலங்கள் கலவரமடைந்து உறைவைத் தடுப்பதற்குப் பதிலாகத் தூண்டுகின்றன. கொழுப்பு படிவதும் பெரும்பாலும் அத்தகைய சந்திகளிலேயே. செயற்கைக் குழாய் உயிருள்ள நாடியைவிட விறைப்பானது. தைத்த இடத்தில் விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கின்றன. அங்குதான் சுவர் தடித்து வழி ஒடுங்குகிறது.

வராத கலத்தை நாமே நட்டால் என்ன? 1978இல் மல்கம் ஹெரிங் என்ற அமெரிக்கர் நாயின் நாளத்திலிருந்து சுரண்டிய கலங்களை டக்றோனில் விதைத்தார். விதைத்தல் என்ற சொல்லும் அவர் தந்ததே. ஆனால் கழனியில் விதைத்ததும் வெள்ளம் வந்தால் என்னாகும்? குருதி பாய்ந்ததும் பெரும்பகுதி அள்ளுண்டு போயிற்று. வியன்னாவில் பீற்றர் சில்லா, மன்பிரெட் டொய்ச் ஆகியோர் பொறுமையான வழியை எடுத்தனர். நோயாளியின் சிறிய நாளமொன்றிலிருந்து கலங்களை எடுத்து, வாரக்கணக்காக வளர்த்து, பைபிரின் பசை பூசிய ரெப்லோன் குழாயின் உட்புறம் முழுவதையும் அவற்றால் மூடி, அதன் பின்னரே காலில் வைத்துத் தைத்தனர். 1989இல் தொடங்கிய அப்பணியில், கலம் பூசிய குழாய்கள் பூசாதவற்றைவிட நீண்டகாலம் திறந்திருந்தன. என் பார்வையில் இந்த வரலாற்றில் உரிய புகழ் பெறாதவர்கள் இவர்களே. ஆனால் கருகத் தொடங்கிய கால் வாரக்கணக்காகக் காத்திராது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே வளர்க்கும் செலவும் பெரிது. அதனால் முறை பரவவில்லை.

முழுக் குழாயையே வளர்க்க முனைந்தோரும் உண்டு. எமது அயல் மாகாணமான கியூபெக்கில் 1998இல் பிளாஸ்ரிக் எதுவுமின்றி, மனிதக் கலங்களாலான விரிப்புகளைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக் குழாய் செய்தனர். 1999இல் லோறா நிக்லசன் என்ற வைத்தியர், கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் பொருளால் குழாய் வலை நெய்து, அதில் பன்றியின் தசைக் கலங்களை இட்டு, கருவிலுள்ள சிசுவின் இருதயம்போல நிமிடத்துக்கு 165 தடவை துடிக்கச் செய்து, எட்டு வாரம் வளர்த்தார். துடிப்பின்றி வளர்ந்த குழாய் நலிந்தது. துடிப்பில் வளர்ந்தது உரம் பெற்றது.

அவரே பின்னர் மனிதக் கலங்களைக் கொண்டு இப்படிக் குழாய் வளர்த்து, ஒரு துணிச்சலான காரியம் செய்தார்: வளர்ந்ததும் கலங்கள் அனைத்தையும் கழுவி நீக்கினார். எஞ்சுவது கலங்கள் கட்டிய வீடு மட்டுமே, குடியிருந்தோர் இல்லை. பிறருடைய கலம் இல்லாதபடியால் உடல் அதை எதிர்ப்பதில்லை. முன்கூட்டியே செய்து குளிரில் வைத்திருக்கலாம். சிறுநீரக நோயாளரின் கையில் குருதி சுத்திகரிப்புக்காக வைத்த இத்தகைய குழாய்களின் துண்டுகளைப் பின்னர் எடுத்துப் பார்த்தபோது, நோயாளியின் சொந்தக் கலங்கள் உள்ளே குடியேறி, உட்புறத்தில் அகவணியும் படர்ந்திருந்ததாக 2019இல் அறிக்கை வெளிவந்தது. நாய் இருதயத்து நூலில் படர்ந்தது, மனிதக் குழாயிலும் படர்ந்துவிட்டது.

2024 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சிம்வெஸ் என்ற பெயருடைய இக்குழாய்க்கு அனுமதி வழங்கியது. இருதயத்துக்கன்று, விபத்திலோ போரிலோ கைகால்களின் நாடி அறுந்து, அவசரமாகக் குருதியோட்டத்தை மீட்கவேண்டிய நிலையில், சொந்த நாளம் எடுக்க முடியாத வளர்ந்தோருக்கு. உக்ரேன் போரில் காயமுற்றோருக்கும் 2022 முதல் இது வைக்கப்பட்டது. இந்தச் செய்தியை வாசித்தபோது எமது பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். எறிகணைச் சிதறல் தொடையிலோ முழங்காலின் பின்புறத்திலோ பாய்ந்து நாடியை அறுத்தால், குருதியோட்டம் ஆறு மணி நேரத்துக்குள் மீளவேண்டும் என்பது சத்திரசிகிச்சையாளரின் பழைய கணக்கு. ஒரு கால் காயமெனில் மற்றக் காலில் நாளம் எடுக்கலாம். இரண்டும் சிதைந்தவருக்கு எதை எடுப்பது? வன்னியில் 2009இல் அப்படி வெட்டப்பட்ட கால்கள் எத்தனை! குழாயே இருந்திருந்தாலும் அன்று அங்கே தைக்க மேசையும் மயக்க மருந்தும் இருந்தனவா என்பது வேறு கேள்வி. இக்குழாயும் குறையற்றதன்று. குழாய் நடுவில் வெடிக்கவோ தைத்த இடம் விடவோ கூடும், அதனால் உயிராபத்தான குருதிப்பெருக்கு நேரலாம் என்ற எச்சரிக்கையைக் கட்டமிட்டு அச்சிட்டே அனுமதித்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எமது குடும்பங்களுக்கு இன்று நெருக்கமானது ஒன்று உண்டு. நெஞ்சு வெட்டாமல், கை அல்லது தொடை வழியாக நாடிக்குள் செலுத்தி விரிக்கும் உலோக வலையை, ஸ்ரென்ற் என்பதை, எம்மவர் பலர் நெஞ்சில் சுமக்கிறார்கள். அதன் கம்பிகளின்மேலும் அகவணி படரவேண்டும். படரும்வரை அது குருதிக்குள் கிடக்கும் வெறும் உலோகமே. வழி மீண்டும் ஒடுங்காதிருக்க 2002, 2003ஆம் ஆண்டுகளிலிருந்து மருந்து பூசிய வலைகள் வந்தன. அம்மருந்து சுவர் தடிப்பதைத் தடுத்தது; அதே வேளை அகவணி படர்வதையும் தாமதப்படுத்தியது. வலை வைத்து ஓராண்டு கழிந்தும் திடீரென உறைந்து இறந்தோரின் நாடிகளைப் பார்த்தபோது, கம்பிகள் மூடப்படாமலே கிடந்தன. 2006இல் இது பெரும் விவாதமாயிற்று. அதன்பின் வந்த வலைகள் மெல்லியவை, மேலானவை. ஆயினும் படரும் காலம்வரை சிறுதட்டுகளைத் தடுக்கும் வேலையை அகவணிக்குப் பதிலாக மாத்திரைகளே செய்கின்றன. அஸ்பிரினும் குளோபிடொக்ரெல் போன்ற இன்னொன்றும் சேர்த்துக் கொடுப்பது இதற்காகத்தான்.

எம்மவரில் சிலர் நெஞ்சு நோ போய்விட்டது என்று இவற்றைத் தாமாகவே நிறுத்துகிறார்கள். தோலில் நீலம் பாரிக்கிறது என்றும், பல் பிடுங்கவேண்டும் என்றும், ஊருக்குப் போனபோது முடிந்துவிட்டது என்றும் நிறுத்துகிறார்கள். எத்தனை மாதம் என்பது ஆளுக்கும் வலைக்கும் ஏற்ப வேறுபடும். அதை இருதய வைத்தியரிடம் கேட்டு, தாளில் எழுதுவித்து வாங்குங்கள். பல் வைத்தியர் நிறுத்தச் சொன்னாலும் முதலில் இருதய வைத்தியருக்கு ஓர் அழைப்பு எடுங்கள். பயணம் போகிறவர்கள் திரும்பும் நாளுக்கு மேலும் இரண்டு வாரத்துக்கு மாத்திரை எடுத்துச் செல்லுங்கள். வலை வைத்த நாளும் அதன் பெயரும் எழுதிய சிறிய அட்டை ஒன்றை வைத்தியசாலையில் தந்திருப்பார்கள். அதைக் குடியுரிமைப் பத்திரத்துடன் சேர்த்துப் பெட்டியில் பூட்டி வைக்காமல் எப்போதும் பணப்பையில் வைத்திருங்கள்.